ஊதா நிற பூட்ஸ்

ஐந்து மணிக்கு அந்தக் கிறிஸ்துமஸ் மரத்தை எடுத்துவிடுவார்கள். மருத்துவமனை உணவகத்தில் நின்ற அந்த மரத்தில், வசதியில்லாத குழந்தைகளின் தேவைகளைப் பெயர் போடாமல் சீட்டுகளில் எழுதி மாட்டியிருந்தார்கள். வாங்கிக் கொடுப்பதற்காக ஊழியர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டாக எடுத்துப்போனது போக, ஒரே ஒரு சீட்டு மிச்சம். 'பெண், ஒன்பது வயது, பனி பூட்ஸ், அளவு இரண்டு, ஊதா நிறம்.' எடுக்க ஆளில்லாத சீட்டுக்குப் பரிசு கிடையாது.

மேசை துடைத்துக்கொண்டிருந்த ஜானெல் மறுபடியும் மணி பார்த்தாள்.

"இந்த வருஷம் சிறந்த தொண்டர் நீதானாமே! பேட்ஜ் குத்தப் போறாங்க. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?" என்றார் தலைமைச் சமையல்காரர் வெர்ன்.

"ஒரு சீட்டு நிக்குது வெர்ன். நீங்க எடுத்துக்கலாமில்ல?"

"நான் ஏற்கெனவே ரெண்டு எடுத்தாச்சு. ஊரையே விரட்டி விரட்டி எடுக்க வெச்சே, உன் கை மட்டும் நீள மாட்டேங்குதே!"

ஜானெல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி சரி, அழுதுடாதே." வெர்ன் சீட்டைக் கழற்றினார். "அளவு ரெண்டு. போதுமா?"

"மூணா வாங்குங்க. எழுதிக் குடுத்தப்போ ரெண்டு சரியா இருந்துது. இப்ப அவளுக்குக் காலைக் கடிக்குது."

சொன்ன பிறகுதான் அவள் வாயைப் பொத்தினாள்.

வெர்ன் அவளைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார்.

"சீட்டுலயே மூணுன்னுதான் போட்டிருக்கு" என்றார்.