ஆறரை மணிப் புகை

டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். உள்ளங்கையில் ஒரு சிட்டிகைப் புகையிலை விழுந்தது. பைப்பின் குழியில் பாதிகூட நிறையாது.

இன்றோடு தீர்ந்தது. நாளைக்கு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

பால்கனியில் என் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து தீக்குச்சியைக் கிழித்தேன். இரண்டு குச்சிகள் காற்றில் அணைந்தன. மூன்றாவது பிடித்தது.

பக்கத்து ஜன்னலுக்கு உள்ளே மாமா படுத்திருக்கிறார். என் கணவரின் அப்பா. முப்பத்தைந்து வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவர். புட்டியின் மூடியைத் திறந்தாலே உள்ளே என்ன இருக்கிறது என்று மூக்காலேயே சொல்லிவிடுவாராம். கண் பார்வை போய் ஆறு வருடமாகிறது. மூக்கு மட்டும் இன்னும் கூர்மையாகிவிட்டது. அந்த மூக்கை ஏமாற்றத்தான் நான் இந்தப் பாடு படுகிறேன்.

அப்பாவும் மகனும் பேசிப் பதினொரு வருடம் ஆயிற்று. அத்தைக்கு ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்றார் மாமா. மகன் கையெழுத்துப் போட்டார். அத்தை உயிரோடு வெளியே வரவில்லை. அன்றைக்கு நின்றதுதான் பேச்சு. ஒரே வீடு, ஒரே குளியலறை, நடுவில் தபால்காரியாக நான்.

இந்த வீம்பிலும் ஒரு வேடிக்கை. மகன் வீடு திரும்பாமல் மாமா சாப்பாட்டைத் தொட மாட்டார். வந்துவிட்டானா என்று கேட்கவும் மாட்டார், ரோஷம் விடாது. மகனுக்கும் அது தெரியும். வந்ததும் வராததுமாக இங்கே உட்கார்ந்து பைப்பைப் பற்றவைப்பார். செர்ரியையும் வெனிலாவையும் லேசாகக் கருகவிட்ட மாதிரி ஒரு வாசனை, ஏதோ பழைய காலத்துக் கலவை. அது ஜன்னல் வழியாகப் போனதும் உள்ளே மாமா தொண்டையைச் செருமுவார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போவேன்.

பதினொரு வருடத்தில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். எத்தனையோ நாள் இரண்டு பேர் தலையிலும் ஒரு குட்டு வைக்கலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்திருக்கிறது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்திரண்டு நாளுக்கு முன்னால், நின்றுபோன ஒரு லிஃப்டைச் சரிசெய்ய ஒன்பது மாடி படியேறப் போனார். ஏழாவது மாடியில் மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக்கூடக் கொண்டுவரவில்லை. நேராகக் கொண்டுபோய் மண்ணுக்குக் கொடுத்துவிட்டோம். மாமாவின் இதயம் இருக்கிற நிலைமையில் இதைக் கேட்டால் அவரும் போய்விடுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று நாத்தனார் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் போனாள்.

முதல் இரண்டு நாள் மாமா சாப்பிடவில்லை. தட்டை நீட்டினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். செய்தியைச் சொன்னாலும் போய்விடுவார், சொல்லாவிட்டாலும் பட்டினியில் போய்விடுவார். ஒரே வீட்டில் இரண்டாவது சாவை என்னால் தாங்க முடியாது.

மூன்றாம் நாள் ஆறரை மணிக்கு வாசல் கதவைச் சத்தமாகத் திறந்து மூடினேன். கணவரின் செருப்பைப் போட்டுக்கொண்டு பால்கனிக்கு நடந்தேன். பைப்பைப் பற்றவைத்து நன்றாக ஒரு இழுப்பு இழுத்தேன். நெஞ்சு எரிந்தது. இருமலைத் துண்டில் அமுக்கிக்கொண்டேன்.

உள்ளே செருமல் கேட்டது. அன்றைக்கு மாமா தட்டைக் காலி செய்தார்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். அழ வேண்டியதைக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். புருஷன் போனதற்கு வாய்விட்டு அழக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நேற்று கடைக்குப் போய், தீரப்போகிற இந்த டப்பாவைக் காட்டினேன். இந்தக் கலவை வருவது நின்று வெகுநாளாயிற்று, மிச்சமிருந்த டப்பாக்களையும் உங்கள் வீட்டுக்காரரே வாங்கிப்போய்விட்டார் என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்து என் மூக்கருகே நீட்டினார். எனக்கே வித்தியாசம் தெரிந்தது. மாமாவிடம் எங்கே செல்லும்? வெறுங்கையோடு திரும்பினேன்.

இப்போது அந்தக் கடைசிச் சிட்டிகையும் சாம்பலாகிவிட்டது. ஐந்து நிமிடம்கூட வரவில்லை. நல்லவேளை, உள்ளே செருமல் கேட்டுவிட்டது.

தட்டைக் கொண்டுபோனேன். மாமா மெதுவாக, ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவக் கிண்ணத்தில் தண்ணீர் நீட்டினேன். விரல்களை நனைத்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"புகைய உள்ள இழுக்காதம்மா. இது சிகரெட் இல்ல, வாயிலயே வச்சிருந்து விட்டுடணும். அவன் ஒருநாளும் இருமினதில்ல. நீ முதல் நாள்லேருந்தே இருமுற."

கிண்ணத்துத் தண்ணீர் மெத்தையில் கொட்டியது. துடைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் கை கழுவிய பிறகுதான் நான் சாப்பிட உட்காருவேன். நாற்பது நாளாக இந்த மனுஷர் யாருக்காகத் தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுததும் அவருக்குக் கேட்டிருக்கும்.

பிடித்த கையை விடாமல் பால்கனிப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அவன எங்கம்மா அடக்கம் பண்ணீங்க?"

பதினொரு வருடத்தில் மகனைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.