நம்பக் கூடாத டிஸ்க்

கணினிக்கும் டிஸ்க்குக்கும் இடையே பேசும் டிரைவர் என்ற மென்பொருளை எழுதுவதுதான் மலேசியாவில், ஈப்போ சந்திரமதிக்கு வேலை. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு டிஸ்க்கைச் சோதித்தாள். எழுதியது ஒன்று, திரும்ப வந்தது வேறு. 'இந்த டிஸ்க்கை நம்பாதே, எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்' என்று டிரைவரில் எழுதிவிட்டாள். அன்றிலிருந்து அந்த ரக டிஸ்க், அவள் டிரைவர் ஓடிய எல்லா ஊரிலும் நத்தையாக ஊர்ந்தது. விற்பனை படுத்துவிட்டது.

இன்று அந்த டிஸ்க்கைச் செய்யும் கம்பெனியின் இஞ்சினியர் ரூபன் புது டிஸ்க்கோடு வந்தான்.

"கோளாறச் சரி பண்ணிட்டோம் அக்கா. அந்த வரிய எடுத்துடுங்க லா. இல்லாட்டி கம்பெனிய மூடிருவாங்க."

சோதித்தாள். அதே தப்பு.

முகம் தொங்கிப்போன ரூபன், மேனேஜருக்குப் போன் போட வாசலுக்குப் போனான். திரும்பி வந்தபோது டிஸ்க் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப சரியா இருக்கு. வரிய எடுத்துடுறேன். நல்லாத்தான் ரிப்பேர் பண்ணியிருக்கீங்க" என்றாள்.

ரூபனுக்கு மனசு கேட்கவில்லை. "உண்மையச் சொல்லிடுறேன் அக்கா. எவ்வளவு தேடியும் கோளாறு கிடைக்கல. லேபல மட்டும்தான் மாத்தினோம்."

அவன் வாசலில் நின்ற நேரத்தில் சந்திரமதி மாற்றியது, டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் தன் கேபிளை. புதுக் கேபிளில், மூன்று வருஷமாக அவள் அலமாரியில் கிடந்த அந்தப் பழைய டிஸ்க்கும் சுத்தமாக எழுதியது.

"அப்ப லேபல்லதான் கோளாறு இருந்திருக்கு லா" என்றபடி, பழைய கேபிளைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள்.