பன்னிரண்டு நிமிடம்

"திரும்பவும் ஆளக் காணோம் நானா!"

கைப்போனில் கிரிக்கெட் ஸ்கோரை மூடிவிட்டுச் சத்தம் போட்டான் பிரதாப். கணினித் திரையில் நாகலெட்சுமியின் பெயருக்குப் பக்கத்தில் எரிந்துகொண்டிருந்த பச்சை விளக்கு அணைந்து போயிருந்தது. காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை.

ஹட்டனில் மருந்துக்கடை மேல்மாடியில் இயங்கும் சின்னக் கம்பனி அது. பிரதாப் 'நானா' என்று அண்ணன் முறையில் கூப்பிடும் இஸ்ஸதீன்தான் முதலாளி. பிரதாப் தலைமை புரோகிராமர். நாகலெட்சுமி றொசல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்தே வேலை செய்பவள். சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

தோட்டத்து ஜனங்கள் அவசரத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி கூப்பிட ஒரு ஆப் செய்துகொண்டிருந்தார்கள். பட்டனை அமுக்கினால் போதும், வண்டி வரும். ஆனால் மலைக்குள் சிக்னல் கிடைத்தால்தானே? பதில் வரும்வரை திரை மரக்கட்டையாகிவிடும். போன வாரம் இதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்தை நடத்தும் துரை உதட்டைப் பிதுக்கிவிட்டார். நாளைக் காலை கடைசி வாய்ப்பு.

"அந்தப் புள்ள சரியாக்கிருமா?" என்றார் இஸ்ஸதீன்.

"சொல்லிக் குடுத்திருக்கேன் நானா. கொரூட்டின்னு ஒண்ணு இருக்கு. நெட்டுலருந்து பதில் வர்ற வரைக்கும் ஆப் வாயப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது. அந்த வேலைய அப்படியே நிப்பாட்டி வச்சிட்டு, அடுத்த வேலையப் பாக்கணும். பதில் வந்ததும் விட்ட இடத்துலருந்து தொடங்கணும். அவ்வளவுதான்."

"எனக்கே வெளங்குது. பொறகு என்ன?"

"பில்டு போட்டுட்டு எந்திரிச்சு எங்கயோ போயிடுறாங்க!"

எழுதியதையெல்லாம் சேர்த்து ஆப்பாகக் கட்டி எடுப்பதுதான் பில்டு. நாகலெட்சுமியின் பழைய லேப்டாப்புக்கு அதற்குப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும்.

"நீ மேசைய விட்டு அசையிறதே இல்ல. ஒன்னய மாதிரி ஒரு எடத்துல ஒக்காரத் தெரியாதா அதுக்கு? இந்தப் பொறுப்பில்லாத வேல நமக்குச் சரிவராது. நாளையோட நிப்பாட்டிரு."

"நானே போறேன் நானா. கையும் களவுமாப் பிடிச்சிட்டுப் பேசிக்கிறேன்."

மோட்டார் சைக்கிளை எடுத்தான். கோபத்தில் வளைவுகள்கூடக் கண்ணில் படவில்லை.

லயத்தில் கதவு திறந்தே கிடந்தது. சிக்னலுக்காக ஜன்னலோரம் வைத்திருந்த லேப்டாப்பில் பில்டு முக்கால்வாசி ஓடியிருந்தது. நாற்காலி காலி.

நல்லாத்தான் ஏமாத்துறா என்று பல்லைக் கடித்தான்.

அப்போது கீழே தேயிலைக்குள்ளிருந்து அலாரம் அடிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான்.

கொழுந்து பறிப்பவர்கள் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிய ஒரு பெண், கை நிறைய இருந்த கொழுந்தைப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மாவின் பையில் அவசரமாகப் போட்டாள். அந்த அம்மாவின் இடது மணிக்கட்டில் கட்டு. அடுத்த நொடி அந்தப் பெண் படிகளில் மூச்சிரைக்க ஏறி ஓடி வந்தாள்.

நாகலெட்சுமி!

அவனைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆனாலும் நிற்கவில்லை. "வாங்க சார்" என்றாள். பச்சைக் கறை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உட்காரவும் பில்டு முடியவும் சரியாக இருந்தது.

ஆப்பைப் போனில் ஏற்றினாள். வேண்டுமென்றே சிக்னலைத் துண்டித்துவிட்டுப் பட்டனை அமுக்கினாள். திரை உறையவில்லை. காத்திருக்கும் வட்டம் ஒரு மூலையில் சுற்றிக்கொண்டிருக்க, நோயாளியின் பெயர், லயத்தின் இலக்கம் எல்லாவற்றையும் தடையில்லாமல் எழுத முடிந்தது. சிக்னலைத் திருப்பிக் கொடுத்ததும் வந்து விழுந்தது பதில்: 'வண்டி வருகிறது.'

"சரியாயிடுச்சு சார். ரத்து செய்யிற பட்டன்ல மட்டும் சின்ன வேல இருக்கு. இன்னும் ஒரே ஒரு பில்டு."

பிரதாப்புக்குச் சந்தோஷம் வந்தது. கோபம் இன்னும் போகவில்லை.

"அதெல்லாம் சரி. பில்டு போட்டா ஏன் எந்திரிச்சுப் போறீங்க?"

அவள் தலை குனியவில்லை.

"அம்மா நேத்து வழுக்கி விழுந்து கைய சுளுக்கிக்கிட்டாங்க சார். ஒத்தக் கையால எடுத்தா கிலோ சேராது. கொறஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க. காலைலருந்து நின்னதுக்கெல்லாம் அரை நாள் சம்பளந்தான்னு ஆயிரும். கங்காணி ஐயாவும் கண்டும் காணாம விட்டிருக்காரு. பில்டு ஓடுற பன்னெண்டு நிமிஷம் திரையத்தானே பாத்துக்கிட்டு இருக்கணும்? அலாரம் வச்சிட்டு ஓடுவேன், அடிச்சதும் வந்துருவேன். ஒங்க வேலைல ஒரு நிமிஷம் கொறைக்கல சார். இந்த வேலையும் போகக் கூடாது, அம்மாவுக்கு அரைப் பேரும் விழக் கூடாது."

சொல்லிக்கொண்டே மீதி நான்கு வரியையும் எழுதி முடித்தாள். பில்டு போட்டாள். அலாரம் வைத்தாள்.

"நாலு மணிக்குத் தராசுல கொழுந்து நிறுத்துருவாங்க சார். இன்னும் ரெண்டு கிலோ வேணும். போயிட்டு வரவா?"

"போயிட்டு வாங்க" என்றான் பிரதாப். அவள் படியிறங்கி ஓடினாள்.

அவனுடைய போன் அடித்தது. இஸ்ஸதீன்.

"ஆள் மாட்டிச்சா? பில்டு ஓடுறப்ப பிரதாப் மாதிரி மேசையிலயே ஒக்காந்து வேல செய்யணும்னு நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லு!"

"வேணாம் நானா" என்றான் பிரதாப், கீழே தேயிலைக்குள் மறைகிறவளைப் பார்த்தபடி. "பில்டு ஓடுறப்பவெல்லாம் நான் அந்த மேசையில ஒக்காந்து கிரிக்கெட்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."