அண்ணியின் அபிப்பிராயங்கள்

"இது கச்சேரியா, இல்ல அலமாரியோட பாத்திரம் சரிஞ்ச சத்தமா?"

இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், கணவரின் முகத்துக்கு நேராக வந்து நின்றுகொண்டு கேட்டாள் அண்ணி.

பாட்டுக் கேட்க வந்திருந்த மருந்துக்கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜாஸ் பிரியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இசைத்தட்டு அது!

"டிரம்ஸ்காரர் மட்டும் போட்டு உடைக்கிறாரே, மத்தவங்க எல்லாம் டீ குடிக்கப் போயிட்டாங்களா?"

அவள் கணவர், வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன், விடுவாரா? நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அந்தத் தனி வாசிப்புதான் இந்த ரெக்கார்டுக்கே உயிர்! கொஞ்சம் பொறு. அடுத்து சாக்ஸபோன் வந்து அவரைக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும்."

"எங்கயோ கூட்டிட்டுப் போகட்டும். நம்மள விட்டாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அண்ணன் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்பது வருஷக்கணக்கான பழக்கம். வருவது மூன்றே பேர். வக்கீல், கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர். மூவருக்கும் இசையை ரசிக்கக் கற்றுக்கொடுத்தவரே அண்ணன்தான். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு உலகமே இந்தச் சாயங்காலம்தான்.

அந்த உலகத்தில்தான் ஒரு வருஷமாக அண்ணி புகுந்து கலாட்டா செய்துகொண்டிருந்தாள். அதுவரை காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறவள் அவள்.

ராக் ஆல்பம் போட்டால், "பாவம், பல்வலி போல. யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்களேன்."

சிம்பொனி போட்டால், "முடியற மாதிரி முடியற மாதிரி போக்குக் காட்டுது, முடியவே மாட்டேங்குது. செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு பேசற விருந்தாளி மாதிரி."

கிடாரோடு ஒருவர் தனியாகப் பாடினால், "இவர் சோகம் சரி, நமக்கு எதுக்கு?"

முன்பெல்லாம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இப்போது பெண்டாட்டி வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், பதிலடி கொடுக்கத் தயாராக. நல்ல மனுஷரை இப்படி ஆக்கிவிட்டாளே என்று மூவருக்கும் வயிறு எரிந்தது.

அன்று ஜாஸ் முடிந்ததும் அண்ணன் வேறொரு தட்டைப் போட்டார். மருந்துக்கடைக்காரர் தன் உயிரையே வைத்திருக்கும் தட்டு. ஒரே ஒரு பாடகர், பின்னால் ஒற்றை வயலின். அலமாரியில் இருந்த பிளேயரில் ஊசியை வைத்துவிட்டு வந்து, அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார் அண்ணன்.

அண்ணி வந்து நின்றாள். "பாட ஆரம்பிச்சாச்சா? என்னங்க, இவர் தூங்கி எழுந்து நேரா மைக் முன்னால வந்துட்டாரா?"

அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் எழுந்து, அண்ணனை மறைத்தபடி அவள் எதிரில் போய் நின்றார். அண்ணன் காதில் விழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"அண்ணி, போதும். பிடிக்கலன்னா உள்ள போங்க. இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்கன்னா நாங்க யாரும் அடுத்த வாரம் வர மாட்டோம்."

"வர்றதும் வராததும் உங்க இஷ்டம். வாய மூடறது மட்டும் நடக்காது. நகருங்க தம்பி."

"நகர மாட்டேன். அண்ணனுக்கு இருக்கற ஒரே சந்தோஷம் இது. அதையும் ஏன் கெடுக்கறீங்க?"

"நகருங்கன்னு சொல்றேன்ல!" அண்ணியின் குரலில் முதல்முறையாகப் பதற்றம் தெரிந்தது.

அப்போதுதான் ஊசி சிக்கிக்கொண்டது. பாடகர் பாதி வரியில் நின்று, அதே இரண்டு வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். காது கூசியது. அண்ணன் எழுந்து சரி செய்வார் என்று எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். விரலை உயர்த்தினார்.

"இப்ப வயலின் வரும் பாருங்க. ஆஹா, வந்துருச்சு! எப்படி இறங்கி வருது!"

சிக்கிய இரண்டு வார்த்தைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

அண்ணி தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள், கணவர் தன் உதட்டைப் பார்க்காதபடி.

"ஒரு வருஷமாச்சு தம்பி. அவருக்குக் காது சுத்தமா கேக்கறதில்ல. நீங்க பேசறதும் வாயப் பாத்துப் புரிஞ்சுக்கறதுதான். பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். எந்த இடம் ஓடுதுன்னு மட்டும்தான் தெரியாது. அத நான் கேலி பண்ற சாக்குல சொல்லிடுவேன்."

மருந்துக்கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"எதுக்கு? நீங்க உச்சுக் கொட்டறதுக்கா?" அண்ணி சட்டென்று நிமிர்ந்தாள். "என் வீட்டுக்காரரைப் பாத்து யாரும் பரிதாபப்படக் கூடாது. சண்டை போடறதுன்னா வாங்க. இல்லன்னா வராதீங்க."

கணக்கு வாத்தியார் சத்தமில்லாமல் எழுந்துபோய் ஊசியை நகர்த்தி வைத்தார். பாட்டு மேலே ஓடியது. வயலின் இப்போதுதான் உண்மையிலேயே இறங்கி வந்தது.

அண்ணி முன்னால் வரப் பார்த்தாள். அதற்குள் மருந்துக்கடைக்காரர் அந்த இடத்தில் போய், அண்ணன் முகத்துக்கு நேராக நின்றுகொண்டார். வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"என்னண்ணே இது? வயலின் இப்பதான் இறங்குது. மாடிப்படியில வழுக்கி விழற மாதிரி இருக்கு!"

அண்ணன் துள்ளி எழுந்தார். "உனக்குமா ரசனை கெட்டுப் போச்சு? வாய மூடிக்கிட்டுக் கேளுடா!"

"மூட மாட்டேண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர்.