ஓடாத வண்டி

"வண்டி ஸ்டார்ட் ஆகலடா" என்று ஞாயிறுதோறும் அம்மா போன் செய்வாள். முக்கால் மணி நேரம் ஓட்டிப்போய், என் கார் பேட்டரியிலிருந்து அவள் கார் பேட்டரிக்குக் கேபிள் மாட்டி உசுப்பிவிட்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவேன்.

அலுத்துப்போய், இன்னொரு கார் இல்லாமலே இறங்கிய பேட்டரியை உசுப்பும் ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

"சிவப்புல சிவப்பு, கறுப்புல கறுப்பு. பட்டனை அழுத்தினா முடிஞ்சுது. இனிமே எனக்காகக் காத்திருக்க வேணாம்மா."

"சரிடா."

ஐந்து வாரம் போனே இல்லை. முதலில் நிம்மதி, அப்புறம் உறுத்தல். போனேன்.

பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. நானே பிரித்து, மாட்டி, காரை ஸ்டார்ட் செய்தேன்.

"வா, ஒரு ரவுண்டு போலாம். நீயே ஓட்டு."

"கண்ணு சரியில்ல, ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் போன வருஷமே சொல்லிட்டாரேடா."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னேனே. நீ கேபிளைச் சுருட்டிக்கிட்டே போன்ல பேசிட்டு இருந்தே."

நின்று நின்றே பேட்டரி இறங்கியிருக்கிறது. ஏன் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

ஜம்ப் ஸ்டார்ட்டரை என் காரில் கொண்டுபோய் வைத்தேன்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்மா. அடுத்த ஞாயிறும் ஸ்டார்ட் ஆகாதுல்ல?"

"ஆகவே ஆகாதுடா" என்றாள், டீயை நீட்டியபடி.

கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.