ஏழாவது டேக்

"ஆறு டேக் ஆச்சு இந்துஜா. இந்தத் தடவையாவது ஒழுங்கா, கால் தவறின மாதிரி விழுங்க! இல்லேன்னா வேற பொண்ணைத்தான் பாக்கணும்" என்று நீச்சல்குளத்தின் கரையிலிருந்து கத்தினார் டைரக்டர் ஸ்ரீநிவாஸ்.

உயரத்தில், குதிக்கும் பலகையின் நுனியில் ஈரம் சொட்டும் சுடிதாரோடு நின்றாள் இந்துஜா. அவளுக்கு இது முதல் படம். கீழே டில்லி வெயிலில் நீலம் மெல்ல அசைந்தது. கனவில் நிற்பது போலிருந்தது.

"பயமா இருந்தா டூப் போடச் சொல்லும்மா" என்றாள் ஏணியடியில் நின்ற மேக்கப் பொன்னி.

"பயமில்லக்கா. உடம்புதான் சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

கண்களை மூடிக் காலை வழுக்கவிட்டாள். காற்றில் கைகள் தாமாகவே ஒன்றுசேரப் பார்த்தன. வலுக்கட்டாயமாகப் பிரித்து உதறினாள், அலறினாள். தொப்பென்று விழுந்ததில் கேமரா வரைக்கும் தண்ணீர் தெறித்தது. அடியில், குமிழிகளுக்கு நடுவே, ஒரு கணம் சத்தமே இல்லை.

மேலே வந்தபோது ஸ்ரீநிவாஸ் கைதட்டிக்கொண்டிருந்தார்.

"அச்சா! நீச்சலே தெரியாத பொண்ணு மாதிரியே விழுந்தீங்க. எட்டு வருஷம் டைவிங்ல நேஷனல் சாம்பியன்னு சொன்னா எவனும் நம்பமாட்டான்!"

முதுகு தீயாய் எரிய, இந்துஜா சந்தோஷமாகச் சிரித்தாள்.