பளபளத்த கல்லீரல்

ஆபரேஷன் தியேட்டரில் ஒரு கேமரா இருந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத நிறங்களும் அதற்குத் தெரியும். திறந்த வயிற்றுக்குள் இருந்த கல்லீரலைப் படமெடுத்து, படங்களுக்கு மெருகேற்றும் கணினியிடம் அது கொடுத்தது.

"என்னய்யா படம் எடுத்திருக்கே? ஒரே கறையும் புள்ளியுமா இருக்கு!" என்று கணினி எல்லாவற்றையும் துடைத்தது. கல்யாண ஆல்பத்து மணப்பெண் மாதிரி கல்லீரல் பளபளத்தது.

"நான் எங்கே வெட்டணும்?" என்று அறுவைக் கத்தி கேட்டது.

"இவ்வளவு அழகா இருக்கிறதை வெட்ட உனக்கு எப்படி மனசு வருது?" என்றது கணினி.

கேமரா பதறியது. "ஓரத்துல ஒரு கறை இருந்துச்சே, அதுதான்யா புற்றுக்கட்டி!"

"அதுவா? முதல் வேலையா அதைத்தான் அழிச்சேன். இப்ப நோயாளிக்கு ஒண்ணுமில்லை," என்றது கணினி.

டாக்டர் திரையைப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, தையல் ஊசியைக் கேட்டார்.